தலங்கம வயலில் பெரிய நெட்டைக்காலி: ரிச்சர்ட் தானா?

#1 வரம்புநடை | ஞாயிறு, முற்பகல் 11.20

வணக்கம். தலங்கம குளத்தை அண்டிய வயலில் இன்று காலை ஒரு நெட்டைக்காலியை (தரையில் நடந்து இரை தேடும் சின்னக் கபிலப் பறவை) பார்த்தோம். எங்கள் கணிப்பு ரிச்சர்ட் நெட்டைக்காலி. கொழும்புப் பக்கம் லேசில் கிடைக்கிற பறவை இல்லை, அதனால்தான் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் இங்கே வைக்கிறேன். ஆம் என்றால் எதை வைத்து ஆம், இல்லை என்றால் எதை வைத்து இல்லை என்று எழுதுங்கள்.

இடம்: பெரும்போகம் வெட்டி முடிந்த வயல். ஒரு துண்டில் அடிக்கட்டை மட்டும், சேறு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்துத் துண்டு இந்தப் போகம் விதைக்காமல் விட்டது, முழங்கால் உயரத்துக்குப் புல். பறவை இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வரம்பில் நின்றது. வெயில் ஏறுவதற்கு முன், எங்கள் முதுகுப் பக்கம் சூரியன்.

முதலில் கண்ணில் பட்டது நின்ற விதம். நெஞ்சை முன்னே தள்ளி, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நின்றது. நாலு எட்டு நடக்கும், நிற்கும், கழுத்தை நீட்டிப் பார்க்கும், மறுபடி நடக்கும். ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வரம்பில் இரண்டு தரம் அடித்து, கால்களை உதறி விழுத்திவிட்டுத்தான் விழுங்கியது. அதே வரம்பில் கொஞ்சம் தள்ளி நாங்கள் வழக்கமாகக் காணும் வயல் நெட்டைக்காலி ஒன்றும் நின்றது. இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன (மூன்றாவது படம்). அளவு வித்தியாசம் பைனாகுலரிலேயே தெரிந்தது. அலகும் தடிப்பு.

எழும்பிப் பறந்தபோது ஒரே ஒரு சத்தம்: "ஷ்ரீப்". உரத்த, கரகரத்த சத்தம். அலை அலையாக ஏறி இறங்கி தூரம் போனது. இறங்குவதற்கு முன் புல்லுக்கு மேலே ஒரு கணம் சிறகடித்து அந்தரத்தில் நின்று, பிறகுதான் உள்ளே விழுந்தது.

சத்தத்தைப் பதிய முடியவில்லை. படங்கள் கீழே.

#2 கோட்டைவாசி | ஞாயிறு, நண்பகல் 12.05

அருமையான பார்வை! ஐந்தாவது படத்தில் கால் புல்லுக்குள் மறைந்துவிட்டது. பின்விரல் நகம் தெரிகிற படம் ஏதாவது இருக்கிறதா? வெட்டாத மூலப்படமாகப் போடுங்கள், சுருக்கினால் இறகு ஓரங்கள் கரைந்துபோகும்.

#3 பத்தனைப்புல் | ஞாயிறு, பிற்பகல் 1.40

நல்ல படங்கள்தான். ஆனா நான் இன்னும் ரிச்சர்ட்னு சொல்ல மாட்டேன்.

நான் இருக்கிறது நுவரெலியா பக்கம். இங்க புல்வெளியில வயல் நெட்டைக்காலி தாராளமா இருக்கு, ஹோட்டன் சமவெளி வரைக்கும் கிடைக்கும். வருஷம் முழுக்க அதுகளைப் பார்க்கிற ஆள்ங்கிற முறையில சொல்றேன்: ஒரே பறவை காலைக் குளிர்ல இறகைப் புசுபுசுன்னு விரிச்சு உருண்டையா உட்கார்ந்திருக்கும், அரை மணி நேரம் கழிச்சு பருந்து நிழல் பட்டதும் ஒட்டி ஒடுங்கி நெட்டையா நிக்கும். ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சா வேற வேற இனம்னு சத்தியம் பண்ணுவீங்க. நிக்கிற விதத்தை மட்டும் வச்சு முடிவு கட்டுறது ஆபத்து.

மூணாவது படத்துல அளவு வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா பெரிய பறவை லென்ஸுக்குக் கிட்ட நிக்குதா, ரெண்டும் ஒரே தூரத்துலயா? வரம்பு நேரா போகுதா, வளையுதா? அதைச் சொல்லுங்க.

சத்தம்தான் எனக்கு முக்கியமாப் படுது. வயல் நெட்டைக்காலி "ச்சிப், ச்சிப்"னு மெல்லிசா, திரும்பத் திரும்பச் சொல்லும். நீங்க எழுதினது அது இல்ல. பதிவு இருந்திருந்தா பேச்சே இல்ல.

#4 வங்காலைக்காற்று | ஞாயிறு, பிற்பகல் 3.30

வரம்புநடை, உங்கட படங்களை ஆறுதலா இருந்து பாத்தனான். எனக்கு இது ரிச்சர்ட் எண்டுதான் படுது. பத்தனைப்புல் தம்பி கேக்கிறதும் நியாயமான கேள்வி, அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

நான் இந்தப் பறவையைப் பாத்தது எல்லாம் மன்னார்ப் பக்கம். வங்காலைச் சரணாலயத்தை ஒட்டின புல்தரை, குளத்தடி வெளி, அந்த மாதிரி இடங்கள். ஐப்பசி கார்த்திகையில வரும், பங்குனி சித்திரையோட போயிடும். குஞ்சு பொரிக்கிறது சைபீரியா, மொங்கோலியா, வடசீனா பக்கத்துப் புல்வெளியள். அவ்வளவு தூரம் பறந்து வாறது, எங்கட வயல்ல வருஷம் முழுக்க நிக்கிறதை விட நீளமாயும் கட்டுடம்பாயும் இருக்கும். வயல் நெட்டைக்காலி 15 சென்ரிமீற்றர் அளவு, இது 17, 18 வரும். மூண்டு சென்ரிமீற்றர் எண்டு கேக்கச் சின்னனாத் தெரியும், ஆனா அதில பெரும்பங்கு வாலுக்கும் காலுக்கும் போறதால முழு உருவமே மாறிப்போகும்.

நான் வெளியில பாக்கிற ஒழுங்கு இதுதான். முதல் காது. எழும்பேக்க ஒரு சத்தம், ஊர்க்குருவி கத்துறதை இன்னும் உரப்பாக்கிச் சொரசொரப்பாக்கினா எப்பிடி இருக்கும், அப்பிடி. அது கேட்டா அரைவாசி வேலை முடிஞ்சுது. அடுத்தது இறங்கிற விதம். புல்லுக்கு மேல சிறகடிச்சு நிண்டு இறங்கிறதை வயல் நெட்டைக்காலியில நான் இப்பிடிப் பாத்தது குறைவு, இதில அடிக்கடி பாத்திருக்கிறன். உங்கட பதிவில அதை வாசிச்ச உடனேயே எனக்கு மனசு சாய்ஞ்சிட்டுது.

பிறகுதான் முகம். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில உள்ள பகுதியைப் பாருங்கோ. வயல் நெட்டைக்காலியில அதில ஒரு கறுத்த கோடு வாறது வழமை. உங்கட இரண்டாவது படத்தில அந்த இடம் வெளிறிக் கிடக்கு, அதால முகம் திறந்த மாதிரி, கண் பெருசாத் தெரியுது. அலகின்ர மேல் விளிம்பு நுனியில வளைஞ்சு தடிச்சு நிக்குது. தொண்டையின்ர பக்கத்தில இறங்கிற கறுப்புக் கோடு கீழ முடியேக்க முக்கோணமா விரிஞ்சு நிக்குது.

நகத்தை எல்லாரும் கேப்பினம். ஒரு விசயம் கவனம்: வயல் நெட்டைக்காலிக்கும் பின்நகம் நீளம்தான். நகம் உண்மையில உதவுறது, ரிச்சர்ட்டைப் போலவே இருக்கிற இன்னொரு இனமான பிளைத் நெட்டைக்காலியில இருந்து பிரிக்க. ரிச்சர்ட்டுக்கு அது பின்விரலை விட நீண்டு, பெரிசா வளையாமல் கிடக்கும். பிளைத்துக்குக் கட்டை, வளைவும் கூட.

#5 வரம்புநடை | ஞாயிறு, மாலை 5.15

மிக்க நன்றி அண்ணை. பத்தனைப்புல் கேட்டதற்கு: அந்த இடத்தில் வரம்பு எங்களுக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாகப் போகிறது. இரண்டு பறவைகளும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில்தான் நின்றன. படத்தில் இரண்டுக்கும் கீழே உள்ள சேற்று வெடிப்பும் அடிக்கட்டையும் ஒரே கூர்மையில் இருப்பதைப் பாருங்கள். ஒன்று முன்னுக்கு நின்றிருந்தால் மற்றது மங்கியிருக்கும்.

மூலப்படங்களை ஏற்றிவிட்டேன். ஒன்பதாவது படத்தில் பறவை காய்ந்த சேற்றுக் கட்டியில் ஒரு காலை வைத்து நிற்கிறது, பின்நகம் முழுக்கத் தெரிகிறது. கட்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விரலைவிட நீளம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

#6 மாவனல்லைப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8.10

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். நான் பறவை பார்க்கத் தொடங்கி கொஞ்ச நாள்தான், படிக்கிறதுக்காகக் கொழும்பில இருக்கேன். எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. இது வானம்பாடி இல்லைன்னு எப்படி முதல்லயே முடிவு பண்ணினீங்க? வயல்ல கபில நிறத்தில கோடு கோடா இருக்கிற எல்லாமே எனக்கு ஒரே மாதிரித் தெரியுது. கேட்கக் கூச்சமா இருந்தது, ஆனா தெரிஞ்சுக்கணும்.

#7 கோட்டைவாசி | ஞாயிறு, இரவு 9.00

கூச்சப்பட எதுவுமில்லை தங்கச்சி, இதைக் கேட்காமல் யாரும் முன்னே போக முடியாது.

உடற்கட்டைப் பாருங்கள். நெட்டைக்காலி ஒல்லி, கால் நீளம், வால் நீளம், அலகு மெல்லிசு. பூச்சி பிடிக்கும் அலகு அது. வானம்பாடி குட்டையாக, தடித்த கழுத்தோடு இருக்கும், விதையும் தின்பதால் அலகு கொஞ்சம் கூம்பு போல். வாலைப் பாருங்கள்: நெட்டைக்காலியின் வாலில் வெளி ஓரம் வெள்ளை, பறக்கும்போது பளிச்சென்று தெரியும்.

இலங்கையில் நீங்கள் காணக்கூடிய வானம்பாடிகள் முக்கியமாக மூன்று. ஜெர்டன் புதர் வானம்பாடிக்குச் சிறகில் செம்பழுப்பு, பறந்தால் தெரியும். வேலிக்கம்பி, புதர் உச்சி என்று ஏறி உட்காரும். சாம்பல்தலைச் சின்ன வானம்பாடியில் ஆண் பறவைக்கு அடிப்பக்கம் கறுப்பு, குழப்பமே வராது, பெண்தான் மங்கல். மூன்றாவது கீழைத்தேய வானம்பாடி. அதற்குத் தலையில் சின்னக் கொண்டை, வால் கட்டை. மூன்றும் வறண்ட பிரதேசத்துப் பறவைகள். ஹம்பாந்தோட்டை, மன்னார், யாழ்ப்பாணம் போனால் வடிவாகப் பார்க்கலாம். தலங்கமவில் வரம்பில் கபில நிறத்தில் ஒன்று நடந்தால் அது நெட்டைக்காலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

புல்லுக்குள் இன்னும் சிறிசாக, வாலை விசிறியாக விரித்து "சிட், சிட்" என்று மேலே ஏறி ஏறி விழுவது விசிறிவால் கதிர்க்குருவி. அதையும் அதே வயலில் கேட்கலாம்.

#8 பத்தனைப்புல் | திங்கள், காலை 7.25

ஒன்பதாவது படம் பார்த்தேன். வயல் நெட்டைக்காலிங்கிற பேச்சை விட்டுரலாம், உருவம் அப்படி இல்ல. இப்ப என் கேள்வி பிளைத். அதுவும் குளிர்காலத்துல வர்றதுதான். ரிச்சர்ட்டுக்கும் அதுக்கும் அளவு வித்தியாசம் சின்னது, படத்துல அளக்க முடியாது.

சிறகுல நடுவரிசை மறைப்பிறகுகளை (சிறகின் மேல்பக்கத்தை மூடுற சின்ன இறகுகள்) பாருங்க. வளர்ந்த பிளைத்துல ஒவ்வொரு இறகு நடுவுலயும் கறுப்பு சதுரமா, வெட்டின மாதிரி ஓரத்தோட இருக்கும். ரிச்சர்ட்டுல கறுப்பு கூரா முக்கோணமா இறங்கி, ஓரத்துல செம்பழுப்போட கலந்துரும். இந்தப் பறவையில ஓரம் வெள்ளையா, அரிசி விளிம்பு மாதிரி இருக்கு. அப்ப இது போன வருஷம் பொரிச்ச குஞ்சு, பழைய இறகு இன்னும் உதிரல. அந்த வயசுல ரெண்டு இனமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால இந்தக் குறி இங்க செல்லாது.

#9 வங்காலைக்காற்று | திங்கள், காலை 10.50

இறகின்ர வயதைச் சரியாப் பிடிச்சிருக்கிறியள், அந்த விசயத்தில மறுப்பில்லை. எல்லா இறகும் ஒரே நேரத்தில மாறாது. வரிசையில நடுவில இரண்டு இறகு புதுசு போலக் கிடக்கு. பெருப்பிச்சுப் பாருங்கோ. அந்த இரண்டிலயும் கறுப்பு கூரா முடியுது, ஓரம் செம்பழுப்பு. சதுரம் இல்லை.

இன்னொண்டு. வரம்புநடை பறக்கிற படம் ஒண்டு போட்டிருக்கிறா. அதில வால் விரிஞ்சிருக்கு. ஆகக் கரையில உள்ள இறகு இரண்டு இனத்துக்கும் வெள்ளைதான். அதுக்கு அடுத்த இறகைப் பாருங்கோ. ரிச்சர்ட்டில வெள்ளை ஒரு ஒடுங்கின ஆப்பு மாதிரி மேல வரைக்கும் நீண்டு ஏறும். பிளைத்தில நுனியில மட்டும் கட்டையா நிண்டிடும். இந்தப் படத்தில நீண்டு ஏறுறது எனக்குத் தெரியுது. படம் கொஞ்சம் அசைஞ்சிருக்கு, அதால நூறு வீதம் சொல்ல மாட்டன்.

நகம், வால், அந்த இரண்டு புது இறகு, சத்தம். நாலும் ஒரே பக்கம்தான் காட்டுது.

#10 பழையபதிவு | திங்கள், பிற்பகல் 2.15

நண்பர்களே, பழைய குறிப்புகளோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரிச்சர்ட் நெட்டைக்காலி, வயல் நெட்டைக்காலி இரண்டையுமே 1818இல் வியேயோ என்ற பிரெஞ்சுப் பறவையியலாளர் விவரித்தார். ஆனால் பின்னர் நெடுங்காலம் இவற்றை ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்துப் பறவைகளோடு சேர்த்து ஒரே இனமாகப் பல நூல்கள் வைத்திருந்தன. ஆகவே சில பத்தாண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் ஒரு பெயரைக் கண்டால், அது வலசை வந்ததையா, இங்கேயே வாழ்வதையா குறிக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கொழும்புக்குப் பழைய பதிவு உண்டா இல்லையா என்ற கணக்கில் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

வரம்புநடை இதை ஈபேர்டில் (இணையப் பறவைப் பதிவுத் தளம்) ஏற்றும்போது படங்களை மட்டும் ஏற்றாமல் முதற்பதிவில் எழுதிய விவரணையை அப்படியே சேர்த்துவிடுங்கள். அரிய பறவை என்று கொடி விழுந்தால் சரிபார்ப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். இலங்கைப் பறவைக் கழகத்துக்கும் (1943 முதல் இயங்குகிறது), கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு சேர்ந்த களப் பறவையியல் குழுவுக்கும் (1976) தனியாக எழுதி அனுப்பலாம். செயலியில் உள்ளதைவிட அவர்களின் குறிப்பேடுகளில் பின்னோக்கிய ஆழம் அதிகம்.

வழக்கமான இடத்துக்கு வெளியே நிற்கும் ஒற்றைப் பறவையை "வழி தவறியது" என்று தள்ளிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. இதே ரிச்சர்ட் நெட்டைக்காலி மேற்கு ஐரோப்பாவில் முன்பு வழிதவறி வருவதாகவே கருதப்பட்டது. தெற்கு பிரான்சில் குளிர்காலம் கழிக்கும் பறவைகளுக்குச் சிறு கருவிகள் பொருத்திப் பார்த்தபோது, அவை சைபீரியாவுக்குப் போய் மறுபடி பிரான்சுக்கே திரும்பி வருவது தெரிந்தது. 2021இல் கரன்ட் பயோலஜி இதழில் அந்த ஆய்வு வெளியானது. புதியதொரு வலசைப் பாதை உருவாகிக்கொண்டிருந்ததைப் பல ஆண்டுகள் சேர்த்த இப்படிப்பட்ட ஒற்றைப் பதிவுகள்தான் முதலில் காட்டின. தலங்கமவில் அப்படி ஏதோ நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. பதிவை முழுமையாக வையுங்கள் என்கிறேன்.

#11 மாலபேவழி | திங்கள், மாலை 6.40

எனக்கு அந்த வயல் நடந்து போகும் தூரம். ஒரு வேண்டுகோள்: துல்லியமான இடக்குறியை யாரும் பொதுவில் போடாதீர்கள். ஒரு குளக்கரையில் அரிய பறவை ஒன்று வந்தபோது என்ன நடந்தது என்று நேரில் பார்த்தவன் நான். கிட்டப் போய்ப் படம் எடுக்க ஆளுக்கு ஆள் முண்டியடித்து, செல்போனில் சத்தம் போட்டு வெளியே வரவழைத்து, ஒரே காலையில் அதை அங்கிருந்து விரட்டிவிட்டார்கள். நெட்டைக்காலி தரையில் இரை தேடுகிற பறவை. ஒரு தடவை எழுப்பினால் அது தின்கிற நேரத்தில் ஒரு துண்டு போகிறது. சைபீரியாவுக்குத் திரும்பப் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்க்கிற மாதங்கள் இவை.

#12 கோட்டைவாசி | திங்கள், இரவு 7.30

இதில் எனக்கு வேறு கருத்து. கூடு கட்டும் ஆந்தை, கழுகு என்றால் மறைக்கத்தான் வேண்டும். இது வலசைப் பறவை, திறந்த வயல், பொது வழி. இடத்தை மறைத்துக்கொண்டே போனால் அந்த வயலுக்கு ஒரு பெறுமதி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே போகும். நாளைக்கு அதை நிரப்ப மண் லொறி வரும்போது "இங்கே என்ன இருந்தது" என்று கேட்டால் காட்ட நம்மிடம் பதிவு இருக்க வேண்டும்.

#13 வரம்புநடை | திங்கள், இரவு 9.45

இருவர் சொல்வதும் எனக்கு விளங்குகிறது. ஈபேர்டில் "தலங்கம" என்ற பொது இடப்பெயரில் ஏற்றுகிறேன், வயல் துண்டின் புள்ளியை விடமாட்டேன். பதிவும் இருக்கும், கூட்டமும் சேராது.

நிரப்புகிற கதை வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று நாங்கள் திரும்பும்போது வயல்காரர் வாய்க்கால் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். சிங்களத்தில் கதைத்தோம். நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று கேட்டார், கமரா திரையில் காட்டினோம். வயல் நெட்டைக்காலியை உடனே அடையாளம் கண்டுகொண்டார், உழும்போது மெஷினுக்குப் பின்னாலேயே வரும் என்றார். பெரியதைக் காட்டியபோது, மழை விட்ட பிறகு இப்படி ஒன்று வந்து புல்லுக்குள் நிற்கும், எல்லா வருஷமும் இல்லை என்றார். நாங்கள் எதையும் சொல்லிக்கொடுக்காமல் அவராகச் சொன்னது அது.

பக்கத்துத் துண்டை ஏன் விதைக்கவில்லை என்று கேட்டேன். வாய்க்காலின் மேற்பக்கம் வீடுகள் வந்து தண்ணீர் ஓட்டம் மாறிவிட்டது, ஒரு பக்கம் தேங்குகிறது, மறுபக்கம் வருவதே இல்லை. உழுகூலி, பசளை, அறுவடைக்கூலி எல்லாம் போட்டால் நெல்லை விற்றுக் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. காணி விலையோ ஏறிக்கொண்டே போகிறது. விற்கச் சொல்லிக் கேட்டு ஆட்கள் வருகிறார்களாம். அவர் இன்னும் விற்கவில்லை.

பறவையைப் பற்றிக் கதைக்கிற நாங்கள் இந்த மனிதரைப் பற்றியும் கதைக்க வேண்டும். ஒரு துண்டு விதைத்து வெட்டி, பக்கத்துத் துண்டு புல்லாகக் கிடந்து, இரண்டும் மாறி மாறி நடக்கிற வயல்தான் அந்தப் பறவைக்குப் பிடித்திருக்கிறது. குட்டைத் தரையில் நடந்து இரை தேடும், ஆபத்து என்றால் உயர்ந்த புல்லுக்குள் விழும். முழுக்கக் கைவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் பன்னும் புதரும் மூடிவிடும், பிறகு நெட்டைக்காலிக்கு அங்கே வேலை இல்லை. வயல்காரர் வயல் செய்தால்தான் இது புல்வெளியாக இருக்கும்.

#14 பழையபதிவு | செவ்வாய், காலை 9.10

மிகச் சரியாகச் சொன்னீர்கள் வரம்புநடை.

சட்டத்தில் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. தலங்கம குளமும் சுற்றுப்புறமும் 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த ராம்சார் ஈரநில மாநாட்டில், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. அதன் பிறகும் புதிய களனிப் பாலத்திலிருந்து அத்துருகிரிய வரையிலான தூண்மேல் நெடுஞ்சாலைத் திட்டத்தின் பாதை தலங்கம வயல்களைத் தொட்டது, எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன.

அந்த நேரத்தில் வாதாடியவர்களுக்குக் கைகொடுத்தவை பல ஆண்டுகளாகச் சாதாரண மனிதர்கள் எழுதி வைத்த பறவைப் பட்டியல்கள். வரம்பில் நிற்கும் கபில நிறப் பறவையை "ஏதோ ஒன்று" என்று விடாமல் இனம் பிரித்து எழுதுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவையில்லை.

#15 மாவனல்லைப்பிள்ளை | செவ்வாய், பிற்பகல் 12.30

கோட்டைவாசி நானா, விளக்கத்துக்கு ஜஸாக்கல்லாஹு ஹைர். நேத்து பின்னேரம் தியசரு பூங்காப் பக்கம் போய் வந்தேன். புல்தரையில ஒண்டு நடந்தது, வால் ஓரம் வெள்ளை, அலகு மெல்லிசு, "ச்சிப்"னு மெதுவான சத்தம், கண்ணுக்கு முன்னால கறுப்புக் கோடு. வயல் நெட்டைக்காலின்னு எழுதி வச்சிருக்கேன். சரியா?

#16 கோட்டைவாசி | செவ்வாய், பிற்பகல் 12.45

சரியேதான். எதை வைத்துப் பிரித்தீர்கள் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் முக்கியம்.

#17 மாலபேவழி | வியாழன், காலை 9.55

இன்று வேலைக்குப் போகுமுன் போனேன். பறவை நிற்கிறது. சத்தமும் பதிந்துவிட்டேன்!

கிட்டப் போகவில்லை. வீதியோரத்துப் பெரிய வரம்பிலேயே நின்று, போனில் பதிவைத் தொடக்கிவிட்டுக் காத்திருந்தேன். உண்ணிக்கொக்குகள், இரண்டு உள்ளான், மேலே தகைவிலான் கூட்டம். அரை மணிக்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு வல்லூறு ஒன்று தாழப் பறந்து வயலைக் குறுக்கே வெட்டியது. ஆட்காட்டி கத்த, புல்லுக்குள்ளிருந்து இது தானாகவே எழும்பி என் தலைக்கு மேலால் போனது. மூன்று தடவை கூப்பிட்டது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி. "ஷ்ரீப்" என்று எழுதியது அப்படியே பொருந்துகிறது.

கோப்பை இணைத்திருக்கிறேன். சத்தத்தை வைத்துப் பறவையை இனங்காணும் மேர்லின் செயலியும் ரிச்சர்ட் என்றே காட்டியது, ஆனால் அதை ஆதாரமாக வைக்கவில்லை. பறவை ஒலிகளைச் சேர்த்து வைத்திருக்கும் செனோ கான்டோ தளத்தில் ரிச்சர்ட், பிளைத், வயல் மூன்றின் பறப்பு அழைப்புகளையும் எடுத்து ஒலிப்படத்தை (சத்தத்தை வரைபடமாகக் காட்டுவது) பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

#18 வங்காலைக்காற்று | வியாழன், முற்பகல் 11.30

ஹெட்போன் போட்டுக் கேட்டனான். மன்னார் வெளியில நான் கேக்கிற அதே சத்தம். பிளைத்தின்ர அழைப்பு இதை விட மெல்லிசு, கடைசியில இறங்கும். கூடவே சின்னதா "ச்சப்" எண்டும் சொல்லும். இதில அது ஒண்டும் இல்லை. எனக்கு இனிக் கேள்வி இல்லை.

#19 பத்தனைப்புல் | வியாழன், பிற்பகல் 1.05

கேட்டேன், ஒலிப்படமும் பார்த்தேன். கரகரப்பு ஆரம்பத்துலேருந்து கடைசி வரை பரவி நிக்குது, இது ரிச்சர்ட்தான். படம், நகம், வால், இப்ப சத்தம். சரிபார்ப்பவர் யாரா இருந்தாலும் இதுக்கு மேல கேட்க முடியாது. வரம்புநடை அக்கா, மாலபேவழி, ரெண்டு பேருக்கும் மனசார வாழ்த்து. மலையில உட்கார்ந்துக்கிட்டு இதைப் படிக்கிற எனக்கே சந்தோசம் தாங்கல.

#20 மாவனல்லைப்பிள்ளை | வியாழன், மாலை 4.20

எனக்கும் பார்க்க ஆசை. தனியாப் போக முடியாது. யாராவது போறதா இருந்தா சேர்த்துக்கொள்ளுவீங்களா? எப்படி வரணும்?

#21 வரம்புநடை | வியாழன், இரவு 8.00

தாராளமாக வாருங்கள் தங்கச்சி. ஞாயிறு காலை நானும் இன்னொரு அக்காவும் போகிறோம். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலை போகும் 177 பஸ்ஸில் ஏறி கொஸ்வத்தைச் சந்தியில் இறங்குங்கள், 6.15க்கு அங்கே நிற்போம், உள்ளே முச்சக்கரவண்டியில் போகலாம். நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். வர விரும்புகிற மற்றவர்கள் தனிமடலில் எழுதுங்கள், அடுத்த வாரத்துக்குப் பிரித்துக்கொள்வோம்.

கணுக்கால் மூடிய சப்பாத்து கட்டாயம். வயலில் புடையன் பாம்பு இருக்கும், புல்லுக்குள் கால் வைக்க மாட்டோம், பெரிய வரம்பில் மட்டும்தான் நடை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கின தண்ணீரில் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் கொழும்பு மாவட்டத்திலும் இருக்கிறது. சத்தம் போட்டுப் பறவையைக் கூப்பிடுவது கிடையாது. வயல்காரரைக் கண்டால் முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பைனாகுலரைத் தூக்குவோம்.

பட்டியலை ஏற்றிவிட்டேன். மாலபேவழியின் ஒலிப்பதிவு அவருடைய பட்டியலில் தனியாக இருக்கிறது, இரண்டிலும் மற்றதன் இணைப்பைக் கொடுத்திருக்கிறோம். பழையபதிவு ஐயா சொன்ன இரண்டு இடத்துக்கும் எழுதி அனுப்பியாயிற்று. வயல்காரர் சிறுபோகத்துக்குச் சித்திரைப் புதுவருஷம் கழித்து உழுவதாகச் சொன்னார். அதற்குள் அது கிளம்பிவிடும் என்று நினைக்கிறேன். கடைசியாகப் பார்க்கிற நாளையும் யார் பார்த்தாலும் இங்கேயே எழுதுங்கள், வந்த நாள் தெரியாவிட்டாலும் போன நாளாவது பதிவில் இருக்கட்டும்.